ஜாவாவா, டாட் நெட்டா, பைத்தானா? காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டத்திலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள். சில சமயம் கூடவே அப்பாவோ அம்மாவோ வருவார்கள். இருபது வருஷத்துக்கு மேல் சென்னையிலும் பெங்களூரிலும் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். இண்டர்வியூவில் பதில் சொல்லியும் இருக்கிறேன், கேள்வி கேட்டு ஆள் எடுத்தும் இருக்கிறேன். சாஃப்ட்வேர் வேலைக்கு எந்தக் கம்ப்யூட்டர் மொழியைப் படிப்பது என்று வாரா வாரம் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் எழுதி வைக்கிறேன்.

பிளாட்ஃபார்ம் என்கிறார்களே, மொழியும் அதுவும் ஒன்றா?

இல்லை. மொழி அதில் ஒரு பங்குதான். எழுதிய புரோகிராம் ஓடுவதற்கான தளம், அதோடு கிடைக்கும் லைப்ரரிகள் (முன்பே எழுதி வைத்த கோட் தொகுப்புகள்), ஃபிரேம்வொர்க் (புரோகிராமைக் கட்டத் தயாராக உள்ள சட்டகம்), எழுதவும் சோதிக்கவும் உள்ள கருவிகள் எல்லாம் சேர்ந்ததுதான் பிளாட்ஃபார்ம். வேலை விளம்பரத்தில் 'ஜாவா டெவலப்பர்' என்று போட்டிருந்தால் ஜாவா மொழியோடு ஸ்பிரிங் பூட் என்ற ஃபிரேம்வொர்க், மேவன் என்ற கருவி, தகவலைச் சேமித்து வைக்கும் ஒரு டேட்டாபேஸ் இத்தனையும் எதிர்பார்க்கிறார்கள். மொழியின் இலக்கணத்தை மட்டும் மூன்று மாதம் படித்துவிட்டு இண்டர்வியூவுக்குப் போய் முதல் ரவுண்டிலேயே திரும்பி வந்த பிள்ளைகள் அநேகம். அவர்கள் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. எதுவரை படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, எதைத்தான் படிப்பது?

என்னைக் கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வேலைவாய்ப்புத் தளம் ஒன்றைத் திறந்து, நீங்கள் போக நினைக்கிற ஊரைப் போட்டு, புதியவர்களுக்கும் இரண்டு வருஷ அனுபவத்துக்குள் உள்ளவர்களுக்குமான விளம்பரங்கள் முப்பதைப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் கேட்டிருப்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வருகிற பெயர்களுக்குப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார், யூடியூபில் ஒருவர் சொன்னார் என்று எடுக்கிற முடிவை விட அந்த நோட்டு நம்பகமானது.

அதில் முன்னால் நிற்கிற இரண்டு மூன்று பெயர்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் அதிலேயே இருங்கள். எந்தப் பிளாட்ஃபார்ம் என்பதில் கொஞ்சம் தவறினாலும் ஈடுகட்டிக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாறிக்கொண்டே இருந்தால் எதுவும் நிற்காது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான். ஜாவாவில் கலெக்ஷன்ஸ் வந்ததும் கஷ்டமாக இருக்கிறதென்று பைத்தானுக்குப் போவார்கள், பைத்தானில் கிளாஸ் எழுத வேண்டிவந்ததும் இணையதளத் திரை செய்யும் ரியாக்ட் பக்கம் போவார்கள். கஷ்டம் அந்த மொழியில் இல்லை. எல்லா மொழியிலும் அதே இடத்தில் அதே மேடு இருக்கிறது. ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்த மொழியில் அது தரைமட்டம்.

ஜாவா, டாட் நெட் இரண்டில் எது நல்லது?

ஜாவா 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்டது. 2010இல் அந்த நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு என்று பெரிய நிறுவனங்களின் பின்புறத்தில் ஓடுவதில் ஜாவாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த சிஸ்டங்களைச் சட்டென்று யாரும் மாற்றிவிட மாட்டார்கள். 2014இல் வந்த ஜாவா 8இல் எழுதியது இன்றும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாகப் படிக்கிறவர்கள் ஜாவா 17 அல்லது 21இல் தொடங்குங்கள்.

டாட் நெட் மைக்ரோசாஃப்ட்டுடையது, 2002இல் வந்தது. பல வருஷங்கள் விண்டோஸில் மட்டும்தான் அதிகாரபூர்வமாக ஓடியது. 'டாட் நெட் படித்தால் விண்டோஸோடு முடிந்தது' என்று மூத்தவர்கள் சொல்வது அந்தக் காலத்துப் பேச்சு. 2016இல் டாட் நெட் கோர் வந்ததிலிருந்து லினக்ஸிலும் ஓடுகிறது, மூல நிரலும் திறந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அஷூர் கிளவுடைப் பயன்படுத்தும் கம்பெனிகளில் டாட் நெட்டின் முக்கிய மொழியான சி ஷார்ப் தெரிந்த ஆட்களுக்கு நல்ல தேவை. யூனிட்டியில் கேம் செய்யவும் சி ஷார்ப்தான்.

இரண்டும் பங்காளிகள் மாதிரி. ஜாவாவை ஒழுங்காகக் கற்றவர் சில வாரங்களில் சி ஷார்ப் எழுதப் பழகிவிடுவார். புதிதாக வருகிறவருக்கு விளம்பரங்கள் அதிகம் கண்ணில் படுவது ஜாவாவில் என்பதால் நான் ஜாவாவைச் சொல்கிறேன். உங்கள் கல்லூரியில் சி ஷார்ப் நன்றாகச் சொல்லித் தருகிற ஒரு ஆசிரியர் இருக்கிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சி ஷார்ப்பை எடுங்கள். சந்தேகம் கேட்க ஆள் பக்கத்தில் இருப்பது பெரிய கொடுப்பினை.

பைத்தான் சுலபம், ஏஐ வேலையும் அதில்தான் என்கிறார்கள். அது மட்டும் போதாதா?

தொடங்குவதற்குப் பைத்தான் மிக நல்ல மொழி. 1991இல் வந்தது. பாண்டாஸ், பைடார்ச் போன்ற லைப்ரரிகளால் டேட்டா வேலைக்கும் மெஷின் லேர்னிங்குக்கும் அதுவே பொதுமொழி ஆகிவிட்டது. ஆனால் 'பைத்தான் தெரியும்' என்பது மட்டும் ஒரு வேலை ஆகாது. டேட்டா பக்கம் போனால் டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லும் புள்ளியியலும் கேட்பார்கள். வெப் பக்கம் போனால் ஜாங்கோ அல்லது ஃபாஸ்ட் ஏபிஐ கேட்பார்கள். டெஸ்டிங் பக்கம் போனால் செலினியம். பைத்தான் கதவுதான், உள்ளே எந்த அறைக்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்ய வேண்டும். மெஷின் லேர்னிங் மாடல் உருவாக்கும் வேலைகளில் பல, முதுகலையோ ஆராய்ச்சி அனுபவமோ கேட்கின்றன. அதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஃபுல் ஸ்டேக், மெர்ன் என்று விளம்பரம் பார்க்கிறோம். அது என்ன?

திரையில் தெரிகிற பகுதியையும் பின்னால் ஓடுகிற பகுதியையும் ஒரே ஆள் எழுதுவது ஃபுல் ஸ்டேக். மெர்ன் என்பது மாங்கோடிபி, எக்ஸ்பிரஸ், ரியாக்ட், நோட் நான்கின் முதல் எழுத்துகள். முன்னாலும் பின்னாலும் ஜாவாஸ்கிரிப்ட்தான். செய்வது உடனே பிரவுசரில் தெரியும் என்பதால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வருகிறது, எனக்கும் அது பிடிக்கும். ஸ்டார்ட்அப்களில் வேலையும் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஜாவாஸ்கிரிப்ட்டைச் சரியாகப் படிக்காமல் நேராக ரியாக்ட்டில் குதிக்காதீர்கள். பிராமிஸ் என்ன, ஏசிங்க் என்ன என்று தெரியாமல் எழுதிய ரியாக்ட் கோட் இண்டர்வியூவில் இரண்டாவது கேள்விக்கு நிற்காது. ஜாவாஸ்கிரிப்ட் பிடிபட்டதும் அதன்மேல் கட்டிய டைப்ஸ்கிரிப்ட் மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பி.எச்.பி. செத்துவிட்டதா?

இல்லை. இணையதளம் செய்ய உதவும் வேர்ட்பிரஸ் ஓடுவது அந்த மொழியில்தான். சின்ன நிறுவனங்களுக்கும் கடைகளுக்கும் இணையதளம் செய்து கொடுத்துச் சொந்தமாகச் சம்பாதிக்க நினைப்பவர்களுக்கு இன்றும் கைகொடுக்கும்.

மொபைல் ஆப் செய்ய ஆசை.

ஆண்ட்ராய்டுக்கு காட்லின். 2019இலிருந்து கூகுள் அதைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. ஐபோனுக்கு ஸ்விஃப்ட், அதற்கு ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் வேண்டும், விலை கட்டுப்படியாகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே கோட் எழுத ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் உண்டு.

கஷ்டப்பட்டுப் படித்த பிளாட்ஃபார்ம் நாளைக்கே காணாமல் போய்விட்டால்?

எனக்கே நடந்தது. 1999இல் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கட்டி விஷுவல் பேசிக் 6 படித்தேன். 'இதை விட்டால் வேறில்லை' என்றார்கள். சென்னையில் வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளில் டாட் நெட் வந்துவிட்டது. நான் ராத்திரியெல்லாம் கண்விழித்துக் கற்ற ஃபார்ம்களுக்கும் கன்ட்ரோல்களுக்கும் புதிதாக ஆள் தேடுவது குறைந்துகொண்டே போனது. அன்றைக்கு நிஜமாகவே பயந்தேன். ஃபிளாஷ் படித்தவர்களுக்கும் இப்படித்தான் ஆனது. ஒரு காலத்தில் இணையத்தில் அசைவது எல்லாம் ஃபிளாஷாக இருந்தது, 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி அதைக் கைவிட்டது.

பயம் எப்போது விட்டது என்றால், ஜாவா ப்ராஜெக்ட் ஒன்றில் என்னைப் போட்டு இரண்டு மாதம் ஆன பிறகு. டேபிள்களை எப்படிப் பிரிப்பது, ஒரு பிழையை எப்படித் துரத்திப் பிடிப்பது, கஸ்டமர் சொல்வதிலிருந்து தேவையை எப்படிப் பிரித்தெடுப்பது எல்லாம் விஷுவல் பேசிக்கில் செய்தபோது படிந்தவை, அப்படியே இங்கும் வேலை செய்தன. எஸ்க்யூஎல்லில் ஒரு வரி கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அப்போது எங்கள் ஐயா ஞாபகம் வந்தது. அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பதிமூன்று வயதில் ரங்கூனில் ஒரு மார்க்காவுக்கு, அதாவது செட்டிநாட்டார் நடத்திய கடைக்கு, பெட்டியடிப் பையனாகப் போனவர். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதி, பேரேடு எழுதி, பிறகு அடுத்தாளாக, கடை நடத்துகிறவருக்கு உதவியாளாக, உயர்ந்தார். 1942இல் யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தவர், காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுத உட்கார்ந்தார். கடை வேறு, சரக்கு வேறு, ஆட்கள் வேறு. ஐந்தொகை போடுவது மட்டும் அதேதான். கடைசிவரை அந்தக் கணக்குதான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

அப்படியென்றால் எந்தப் பிளாட்ஃபார்முக்கும் பொதுவாக என்ன படிக்க வேண்டும்?

எஸ்க்யூஎல் முதலில். 1970இல் காட் என்ற ஐபிஎம் ஆராய்ச்சியாளர் எழுதிய கட்டுரையில் பிறந்த யோசனையின் மேல் நிற்பது அது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. ஜாயின், குரூப் பை, இண்டெக்ஸ் மூன்றும் தண்ணீர் பட்ட பாடாக இருக்க வேண்டும். அப்புறம் கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட். லினக்ஸில் இருபது முப்பது கட்டளைகள். பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டினால் சர்வர்வரை என்னென்ன நடக்கிறது என்று ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் சொல்லத் தெரிய வேண்டும். அர்ரே, ஹேஷ் மேப், ஸ்டாக், மரம் போன்ற, தகவலை அடுக்கி வைக்கும் டேட்டா ஸ்டிரக்சர்களை உங்கள் மொழியில் கையால் எழுதிப் பார்த்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

ப்ராஜெக்ட் என்ன செய்வது? நூலகப் புத்தகக் கணக்கு வைக்கும் லைப்ரரி மேனேஜ்மென்ட் போதுமா?

வேண்டாம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அன்று காலையில் மட்டும் நாலு லைப்ரரி மேனேஜ்மென்ட் பார்த்திருப்பார். உங்கள் வீட்டுத் தொழிலிலிருந்து எடுங்கள். ஒரு பையன் செய்ததைச் சொல்கிறேன்.

அவன் அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்ட் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்கிற வேலை. ஆர்டரெல்லாம் ஒரு நீள நோட்டில். 'எத்தனை கல் வேண்டும் என்று கணக்குப் போடுகிற புரோகிராம் எழுதேன்' என்றேன். பைத்தானில் எழுதினான். 12 அடிக்கு 10 அடி அறை, பத்து அங்குலக் கல். அறையின் பரப்பைக் கல்லின் பரப்பால் வகுத்து 173 என்று காட்டியது. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினால், "இந்தக் கணக்குக்கு அனுப்பினா கடைசி வரிசைக்குக் கல் இருக்காதுடா" என்றிருக்கிறார். 12 அடிப் பக்கத்தில் பதினாலு கல் போக நாலு அங்குலம் மிஞ்சும். அதற்கு ஒரு முழுக் கல்லை வெட்ட வேண்டும். வெட்டின மிச்சத்தை வேறு இடத்தில் வைத்தால் பூ சேராது. ஆகவே பதினைந்து பன்னிரண்டு 180, அதற்கு மேல் உடைசலுக்குக் கொஞ்சம்.

மாற்றி எழுதினான். அப்புறம் ஆர்டர்களை டேபிளில் போட்டான். ஒரு ஆர்டருக்கு டிசைன் 1, டிசைன் 2, டிசைன் 3 என்று மூன்று நெடுவரிசை வைத்திருந்தான். ஒரு வீட்டுக்காரர் நடுவுக்கு ஒன்று, பார்டருக்கு ஒன்று, பூஜை அறைக்கு ஒன்று, பட்டாலைக்கு ஒன்று என்று நாலு டிசைன் கேட்டதும் இடம் போதவில்லை. அன்றைக்குத்தான் ஆர்டரையும் ஆர்டரின் வரிகளையும் தனித்தனி டேபிளாகப் பிரிக்கக் கற்றான். கல்லூரியில் நார்மலைசேஷன் என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்ததுதான் அது.

அதையே பிறகு ஜாவாவிலும் ஸ்பிரிங் பூட்டிலும் எழுதினான். எந்த இடத்தில் என்ன வேண்டும் என்று தெரிந்திருந்ததால் மொழி மாற்றுவது அவனுக்குப் பெரிய பாரமாக இல்லை. சென்னையில் நடந்த இண்டர்வியூவில் இருபது நிமிஷத்துக்கு மேல் இந்த டைல்ஸ் கணக்கைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். வேலை கிடைத்தது.

உங்கள் வீட்டில் கண்டாங்கித் தறி இருக்கலாம், பலகாரக் கடை இருக்கலாம், கல்யாணச் சமையல் காண்டிராக்ட் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் இந்த 173, 180 மாதிரி ஒரு விஷயம் ஒளிந்திருக்கும். கண்டுபிடியுங்கள்.

ஏஐயே கோட் எழுதுகிறதே, இனி படித்து என்ன பயன்?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இந்தக் கேள்வி வராத வாரமில்லை. பூசி மெழுகாமல் சொல்கிறேன்: முன்பு புதியவர்களிடம் கொடுத்துவந்த சின்னச் சின்ன கோட் வேலைகளை அது இப்போது நொடியில் செய்கிறது. உள்ளே நுழைவது முன்பை விடக் கடினம்தான். ஆனால் அந்த டைல்ஸ் கணக்கை அதனிடம் மொட்டையாகக் கேட்டால் பரப்பை வகுத்து 173 என்று சொல்ல நிறைய வாய்ப்பு உண்டு. அது தப்பென்று தெரிய, கல் பதிப்பதைப் பார்த்த கண்ணும் கோட்டைப் படிக்கத் தெரிந்த கண்ணும் சேர்ந்து வேண்டும். முதல் ஆறு மாதம் நீங்களே எழுதுங்கள், புரியாத இடத்தில் விளக்கம் கேட்க மட்டும் ஏஐயை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தாராளமாகப் பயன்படுத்துங்கள், அது தந்த ஒவ்வொரு வரியையும் ஏன் என்று சொல்ல முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான் பி.காம். எனக்கு இதில் இடம் உண்டா?

உண்டு. பற்று வரவு தெரிந்தவர் எழுதுகிற பில்லிங் சாஃப்ட்வேரும் தெரியாதவர் எழுதுகிறதும் பார்த்தவுடனே தெரியும். நேரடியாக கோட் எழுதுவதோடு, டெஸ்டிங், எஸ்க்யூஎல்லும் எக்செல்லும் வைத்துச் செய்யும் டேட்டா அனலிஸ்ட் வேலை, பெரிய கம்பெனிகளின் நிர்வாகத்துக்கான சாஃப்ட்வேரான எஸ்ஏபியின் நிதிப் பகுதி இவற்றிலும் உங்கள் படிப்புக்கு மதிப்பிருக்கிறது. எஸ்ஏபி பயிற்சிக்குச் செலவு அதிகம், அனுபவம் உள்ளவர்களுக்கே முதலிடம் தருகிறார்கள். கடன் வாங்கி அதில் சேராதீர்கள்.

ஒரு சென்டரில் 'வேலை உத்தரவாதம்' என்று பெரிய தொகை கேட்கிறார்கள். என் மகனைச் சேர்க்கலாமா?

பணம் கட்டுவதற்கு முன் அங்கே படித்து வேலைக்குப் போன மூன்று பேரிடம் நீங்களே பேசுங்கள், அவர்கள் காட்டும் போட்டோவை நம்பாமல். 'இரண்டு வருஷ அனுபவம் இருப்பதாகச் சான்று தயார் செய்து தருகிறோம்' என்று எங்கேயாவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். கம்பெனிகள் பழைய வேலை விவரங்களைச் சரிபார்க்கின்றன. வேலையில் சேர்ந்த பிறகு போலி என்று தெரிந்து வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கண்ணீரைப் பார்த்திருக்கிறேன். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது.

காசு கட்டாமலே நிறையப் படிக்கலாம். ஐஐடிகளின் என்பிடெல் பாடங்கள் இலவசம். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழிலேயே பாடங்கள் உண்டு. கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. நூறு மணி நேரம் இவற்றில் உட்கார்ந்த பிறகும் சொல்லித் தர ஆள் வேண்டும் என்று தோன்றினால் சென்டரைப் பற்றி யோசியுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது.

கோட் எழுதுவதற்குத் தேவையான ஆங்கிலம் கொஞ்சம்தான். வேலை கிடைக்கவும் நிலைக்கவும் பேச்சு வேண்டும். உங்கள் ப்ராஜெக்ட்டைப் பற்றித் தினமும் பத்து நிமிஷம் ஆங்கிலத்தில் சொல்லி போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் கேட்கக் கூச்சமாக இருக்கும், விடாதீர்கள். ஆங்கிலம் தடுக்கிறது என்று நினைத்து வாயைத் திறக்காமல் திரும்பி வந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

என்ன லேப்டாப் வாங்குவது?

8 ஜிபி ராம், எஸ்எஸ்டி இருந்தால் தொடங்கிவிடலாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்றால் 16 ஜிபி. பழையதில் உபுண்டு என்ற இலவச லினக்ஸைப் போட்டும் ஓட்டலாம்.

சென்னைக்குப் போய்த் தங்கித்தான் படிக்க வேண்டுமா?

படிப்பதற்கு வேண்டாம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகிற காசில் ஒரு வருஷத்து இன்டர்நெட்டும் நல்ல லேப்டாப்பும் வந்துவிடும். இண்டர்வியூ என்றால் காலையில் பல்லவன் ரயிலைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் எழும்பூர், முந்தின நாளே போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். முதல் வேலை மட்டும் ஆபீசுக்குப் போய்ச் செய்கிற வேலையாக இருப்பது நல்லது. பக்கத்து நாற்காலியில் இருக்கிற மூத்தவர் ஒரு பிழையை எப்படித் தேடுகிறார் என்று பார்த்துக் கற்பதை வீடியோ காலில் கற்பது கஷ்டம்.

கல்யாணம், குழந்தை என்று ஐந்து வருஷம் ஆகிவிட்டது. திரும்ப வரலாமா?

வாருங்கள். முன்பு எதில் வேலை பார்த்தீர்களோ அதிலேயே தொடங்குங்கள், புதிதாக ஒன்றைத் தேடாதீர்கள். ஜாவா 8இல் விட்டவர் 17க்கும் ஸ்பிரிங் பூட்டுக்கும் வர மூன்று நாலு மாதம் போதும். இடைவெளி எதனால் என்று ரெஸ்யூமேயில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள், மறைக்க அதில் ஒன்றுமில்லை. போன வருஷம் கோட்டையூரிலிருந்து வந்த தங்கச்சி ஒருத்தி குழந்தை தூங்குகிற மத்தியான நேரத்தில் மட்டும் படித்து இப்போது வேலையில் இருக்கிறாள்.

உங்கள் வீட்டுக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

அந்த முப்பது விளம்பர நோட்டு. அப்புறம் நீங்களே எழுதிய கோட், இருபது வரி இருந்தாலும் சரி, ஓடாமல் நின்ற கோடாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கே நிற்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.